தோப்புல இருந்து செண்பகனூர்: ஒரு பழைய பாதை, ஒரு மனு, அஞ்சு நாள்

கிளம்பறதுக்கு முன்னாடி

எங்க அப்பத்தா உயிரோட இருந்தப்ப அடிக்கடி சொல்லும், "எங்கய்யா தோள்ல ஒரு மேடு இருக்கும்டா, சின்னதுல நாங்க அதுல தலைய வச்சுத்தான் தூங்குவோம்"னு. அது டோலி தூக்கித் தூக்கி வந்த காய்ப்பு. கொடைக்கானலுக்கு மோட்டார் ரோடு வர்றதுக்கு முன்னாடி வெள்ளைக்காரங்களும் அவங்க பெட்டி படுக்கையும் பியானோவும் எல்லாமே மனுசன் தோள்லதான் மேல போச்சு. கோடை ரோடு ஸ்டேஷன்ல ரயிலைவிட்டு இறங்கி, ராத்திரி முழுக்க மாட்டு வண்டில வந்து, பெரியகுளம் பக்கத்துல கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்புங்கற இடத்துல வண்டிய விட்டுட்டு, அங்க இருந்து பதினோரு பன்னெண்டு மைல் மலையேத்தம், செண்பகனூர் வழியா கொடைக்கானல். இங்கிலீஷ் ரெக்கார்டுல அந்தப் பாதைக்குப் பேரு 'கூலி காட்', காட்னா மலைப்பாதை. பேரைக் கேட்டாலே யாரோட பாதைன்னு தெரிஞ்சுரும்.

1916-ல லாஸ் காட் ரோடுங்கற மோட்டார் ரோட்ட மக்களுக்குத் திறந்தாங்க, அதோட இந்தப் பாதையோட சோலி முடிஞ்சுது. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், அந்தப் பாதை இன்னும் இருக்கா, இருந்தா அதுல முறையா அனுமதி வாங்கிட்டு நடக்க முடியுமா. திருட்டுத்தனமா போறது பெரிய விஷயம் இல்ல, போய்ட்டு வந்து வீடியோ போடறவங்க நெறையப் பேரு இருக்காங்க. எனக்கு அதுல இஷ்டம் இல்ல. எங்க பூட்டன் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் உத்தரவுல ஏறுன பாதை, நானாவது எனக்குன்னு ஒரு பேப்பர் வாங்கிட்டு ஏறணும்னு ஒரு கிறுக்கு.

ஒரு மாசம் மேப்புலயே ஓடுச்சு. சர்வே ஆஃப் இந்தியா டோப்போஷீட், அதாவது மேடு பள்ளம், ஓடை, பாதை எல்லாம் காட்டற அரசாங்க மேப்பு, இப்ப ஆன்லைன்லயே ஃப்ரீயா டவுன்லோடு பண்ணலாம், லாகின் பண்ணணும் அவ்ளோதான். பழைய நம்பர் கணக்குல பாத்தா கொடைக்கானல் 58எஃப்/8, அடிவாரம் 58எஃப்/12, நடுவுல சரியா நம்ம பாதைகிட்ட ஷீட்டு பிரியுது, வேணும்னே வெட்டுன மாதிரி. ரெண்டையும் பிரிண்ட் எடுத்து செல்லோ டேப் போட்டு ஒட்டி சுவத்துல மாட்டி வச்சேன். அதுல ஆளு நடந்து போற பாதை எல்லாம் செவப்புப் புள்ளிக் கோடா இருக்கும். அமெரிக்க ராணுவம் 1950கள்ல போட்ட யு502 வரிசை மேப்பும் நெட்ல கிடைக்குது, ஆனா அது ரெண்டரை லட்சத்துல ஒரு பங்கு ஸ்கேலு, அதுல நம்ம பாதை ஒரு இழை மாதிரிதான் தெரியும்.

சாட்டிலைட் படத்துல மரத்துக்கு அடியில ஒண்ணுமே தெரியாது. ஆனா மேப்புல ஒரே உயரத்துல இருக்கற எடத்தையெல்லாம் இணைக்கற காண்டூர் கோட்டை வச்சு ஒரு விஷயம் யூகிக்கலாம். குதிரையும் டோலியும் போற பாதைங்கறதால செங்குத்தா ஏத்த முடியாது, அதனால வளைச்சு வளைச்சு ஒரே சீரான சரிவுல வெட்டியிருப்பாங்க, மலைய ஒரு பக்கம் குடைஞ்சு மறுபக்கம் கல்லடுக்கி. செடி மூடுனாலும் அந்த மட்டமான வெட்டு நூறு வருஷம் ஆனாலும் போகாது. இத மச்சான்கிட்ட சொன்னேன், "சரி மாமா, நானும் வர்றேன், ஆனா பாம்பு பாத்தா நான் நிக்க மாட்டேன்"னான்.

முதல் நாள்: பெரியகுளம்

காலைல ஆறு மணிக்கு இறங்கியாச்சு. ஆட்டோ ஸ்டாண்டுல கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்புன்னு கேட்டா நாலு பேரு நாலு பக்கம் கை காட்டறாங்க, இந்த ஊரைச் சுத்தி மாந்தோப்பைத் தவிர வேற என்ன இருக்கு, எந்தத் தோப்புன்னு சொல்லுவாங்க பாவம். கடைசில கும்பக்கரை போற வழில ஒரு டீக்கடைல ஒக்காந்திருந்த பெரியவருதான், "வெள்ளைக்காரன் வண்டி நிறுத்துன எடந்தான கேக்குறீக, அங்கிட்டு போங்க, இப்ப அங்கன ஒண்ணுமில்ல, எதுக்கு"ன்னாரு. பூட்டன் கதையச் சொன்னேன். டீக்கு காசு வாங்க விடல அவரு.

இந்த எடத்துல ஒரு டிப்ஸ் சொல்லிக்கிறேன், பழைய பாதை தேடறவங்களுக்கு நிஜமாவே உதவும். மலைக்குப் போற பாதையோட கீழ்ப் பகுதி பெரும்பாலும் வருவாய்த்துறை நிலத்துல இருக்கும். தமிழ்நாட்டு நில ஆவண வெப்சைட்டுல சர்வே நம்பர் போட்டா அ-பதிவேடும் புலப்படமும் பாக்கலாம், அதுல நிலத்தோட வகை என்னன்னு இருக்கும், பட்டாவா, ஓடையா, வண்டிப்பாதை புறம்போக்கா அப்படின்னு. பாதைன்னு பதிவாயிருந்தா ரெண்டு பக்கமும் தோப்புக்காரர் வேலி போட்டிருந்தாலும் அது பொதுவழிதான், நீங்க நடக்கலாம். நான் பாத்த வரைக்கும் மூணு சர்வே நம்பர் பாதைன்னே இருந்துச்சு, நடுவுல ஒண்ணு மட்டும் பட்டா. அந்தப் பட்டாக்காரர் வீட்டைத் தேடிப் போயி, அண்ணே இப்படி விஷயம், உங்க தோப்பு வழியா நடந்துக்கிறோம்னு கேட்டதுக்கு அவரு, "கேட்டுட்டுப் போற மொத ஆளு நீங்கதான்"னு சிரிச்சுட்டு, சோலார் வேலி ஸ்விட்ச அமத்திட்டு விட்டாரு. யானைக்குப் போட்ட வேலி. யானை இங்க நெசமாவே வரும், கும்பக்கரை அருவிக்கே யானை வந்துச்சுன்னு கேட்டைச் சாத்துவாங்க.

தோப்பு தாண்டுனதும் உண்ணிச்செடி ஆரம்பிச்சிருச்சு. ஆள் உயரத்துக்கு மேல. கைய விட்டா கீறுது, கீழ குனிஞ்சு போனா சட்டை மாட்டுது. அரை மணி நேரத்துல நூறு மீட்டர் போயிருப்போம்னு நெனைக்கிறேன், மச்சான் வெறும் கைய வச்சே கிளைய வளைச்சு வளைச்சு வழி பண்ணுறான், அரிவாள் கொண்டு வரல, காட்டோரத்துல அரிவாளோட நின்னா என்ன பேச்சு வரும்னு தெரியுமே. அப்பத்தான் கால்ல தட்டுச்சு. கல்லு. ஒண்ணு இல்ல, வரிசையா, சிமெண்டு சுண்ணாம்பு எதுவும் இல்லாம ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குன கல்லு, பள்ளத்துப் பக்கமா. மேல பாத்தா ஒரு ஆறடி அகலத்துக்கு தரை மட்டமா இருக்கு, மலை அந்தப் பக்கம் வெட்டி இருக்கு. ஓரத்துல தண்ணி வடியற மாதிரி சின்ன வாய்க்கா கூட இருக்கு, இலை அடைச்சுக் கெடக்கு. நான் அங்கயே ஒக்காந்துட்டேன். ஒண்ணும் பேசல. மச்சான் ஃபோட்டோ எடுத்தான்.

இன்னும் கொஞ்ச தூரம் ஏறுனா ஒரு கல்லுக் குவியல், சுண்ணாம்பு அடிச்சது, நம்பர் எழுதியிருக்கு. ரிசர்வ் ஃபாரஸ்ட் எல்லை. பாதை அதைத் தாண்டி நேரா மேல போகுது, திருப்பத்துல போயி ஒளிஞ்சுக்குது, எட்டிப் பாத்தா ரெண்டாவது வளைவு கூடத் தெரியுது. பத்து அடி வச்சா யாரும் பாக்கப் போறதில்ல. மச்சான் என் மூஞ்சியப் பாத்தான், நான் அவன் மூஞ்சியப் பாத்தேன், திரும்பி இறங்குனோம். இறங்கறப்ப அவன் கேட்டான், "அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கமும் அதே உண்ணிச்செடிதான மாமா?" ஆமாடா.

ரெண்டாம் நாள்: ஆபீஸ் ஆபீஸா

இன்னிக்கு முழுக்க பெஞ்சுல ஒக்காந்த கதை, சுருக்கமாச் சொல்றேன். மொதல்ல போன ஆபீஸ்ல இது எங்க லிமிட்டு இல்லன்னாங்க, ரெண்டாவது ஆபீஸ்ல மொதல் ஆபீஸ் லிமிட்டுதான்னாங்க. பாதையோட அடி தேனி மாவட்டம், தலை திண்டுக்கல் மாவட்டம், வனக்கோட்டக் கணக்கு வேற மாதிரி, இதுல அவங்கள மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது.

மூணாவதா பாத்த வன அதிகாரிதான் ஒக்கார வச்சுப் பேசுனாரு. அவரு சொன்னத நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி எழுதறேன். ரிசர்வ் ஃபாரஸ்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறதே 1882 தமிழ்நாடு வனச் சட்டப்படி குத்தம். பழைய பாதை, தாத்தா காலத்துப் பாதைங்கறது எல்லாம் அங்க செல்லாது, காட்டை ரிசர்வுன்னு அறிவிச்சப்ப யாருக்கு என்ன வழி உரிமைன்னு அப்பவே விசாரிச்சு எழுதி முடிச்சிருப்பாங்க, அதுல இல்லன்னா இல்லதான். சரணாலயத்துக்குள்ள வர்ற காடுன்னா, கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-ல அறிவிச்சது, அங்க 1972 வனவிலங்குச் சட்டம் சேர்ந்துக்கும். அதுல 27-வது பிரிவு நுழையறத தடுக்குது, 28-வது பிரிவு எதுக்கெல்லாம் பெர்மிட் குடுக்கலாம்னு சொல்லுது, ஆராய்ச்சி, ஃபோட்டோ, அந்த லிஸ்டுல சுற்றுலாவும் இருக்கு. அதைக் கேட்டதும் நான் நிமிந்து ஒக்காந்தேன்.

"அவசரப்படாதீங்க சார்"னாரு. 2018 மார்ச் 11 குரங்கணில காட்டுத்தீல மாட்டிக்கிட்டு மலையேறப் போனவங்க 20 பேருக்கு மேல செத்தாங்கல்ல, அதுக்கப்புறம்தான் அந்த வருஷமே மலையேற்ற விதிகள் கொண்டு வந்தாங்க. பாதைய எளிது, நடுத்தரம், கடினம்னு பிரிச்சு, அனுமதிச்ச பாதைல மட்டும், வழிகாட்டியோட, ஃபயர் சீசன்ல கிடையவே கிடையாதுன்னு. பிப்ரவரி 15-ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் மூடிருவாங்க. 2024 அக்டோபர்ல ட்ரெக் தமிழ்நாடுன்னு ஒரு திட்டம் வந்துச்சு, 14 மாவட்டத்துல 40 பாதை, ஆன்லைன்ல புக் பண்ணலாம். "உங்க கூலி காட் அந்த நாப்பதுல இல்ல. ஆனா வட்டக்கானல்ல இருந்து வெள்ளகெவி இருக்கு. அதுவும் மலைல இருந்து பெரியகுளம் பக்கம் இறங்கற பழைய வழிதான். மொதல்ல அத நடந்துட்டு வாங்க, அப்பறம் இதுக்கு மனு எழுதுங்க"ன்னாரு.

மனசுக்குள்ள கொஞ்சம் சுருக்குனுச்சு. நான் கேட்டது சாம்பாரு, இவரு ரசம் ஊத்தறாருன்னு. ஆனாலும் ராத்திரி லாட்ஜுல ஒக்காந்து புக் பண்ணிட்டேன், நல்லவேளையா நாலாம் நாளுக்கு எடம் இருந்துச்சு.

மூணாம் நாள்: பாதையோட தலை

காலி நாள். கவர்மெண்டு பஸ்ல மேல ஏறுனோம், சொந்த வண்டின்னா ஈ-பாஸ் எடுக்கணும், 2024 மே-ல இருந்து ஐகோர்ட்டு உத்தரவு. பஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்ல.

செண்பகனூர்ல இறங்கி பாதையோட மேல் முனையத் தேடுனோம். கீழ உண்ணிச்செடின்னா மேல யூகலிப்டஸ், பைன், வாட்டில். எதுவும் இந்த மலையோட மரம் இல்ல, எல்லாம் வெளியில இருந்து கொண்டு வந்து நட்டது. இங்கயும் வீடுகளுக்கு நடுவுல கொஞ்ச தூரம் ஊர்ப் பாதையா போயி அப்பறம் ஒரு கம்பி வேலில முட்டி நிக்குது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டுமாடு நின்னு எங்களையே பாத்துச்சு, ஆட்டோ சைஸ்ல. அதுக்கு பெர்மிட் வேண்டாம்.

வேலிகிட்ட நின்னு கீழ பாத்தா வெயில்ல பெரியகுளம் சமவெளி தெரியுது, கண்மாய் எல்லாம் கண்ணாடித் துண்டு மாதிரி. முந்தாநாள் நாங்க நின்ன சுண்ணாம்புக் கல்லு அந்த மடிப்புல எங்கயோ. மேல கொடைக்கானல் ஏழாயிரம் அடி, கீழ ஆயிரத்துக்கும் குறைச்சல். ஆறாயிரம் அடி ஏத்தம், தோள்ல ஆளோட. நான் வெறும் தண்ணி பாட்டிலோட இந்த வேலி வரைக்கும் வந்ததுக்கே மூச்சு வாங்குச்சு. இந்த ஊரைப் பத்தி எழுதறவங்க எல்லாரும் ஏரிய வெட்டுன லெவிஞ்சு துரை பேரைச் சொல்லுவாங்க, 1863-ன்னு வருஷத்தோட. தூக்குனவங்க பேரு ஒண்ணு கூட எங்கயும் நான் பாக்கல. எங்க பூட்டன் பேரு ரேஷன் கார்டுல கூட வந்ததில்ல, அதுக்கு முன்னாடியே போய்ட்டாரு.

நாலாம் நாள்: வட்டக்கானல் – வெள்ளகெவி

காலைல ஏழு மணிக்கு வட்டக்கானல். அடையாள அட்டை பாத்தாங்க, பைய செக் பண்ணுனாங்க, பிளாஸ்டிக் கூடாது, தீப்பெட்டி கூடாது. வழிகாட்டியா ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் இந்தப் பக்கத்து ஆளு, நடக்கறப்ப கால் தரைல படுதா இல்லையான்னே தெரியாது அவருக்கு. டால்ஃபின் நோஸ் பாறை வரைக்கும் டூரிஸ்டு கூட்டம், சோளக்கருது வாசம், செல்ஃபி. அதத் தாண்டி நாலு அடி வச்சா சத்தமே இல்ல. சட்டுனு ரேடியோவ அமத்துன மாதிரி.

இறக்கம்னா இறக்கம். வேரைப் பிடிச்சு, பாறைல ஒக்காந்து, சில எடத்துல பின்பக்கமாவே தவழ்ந்து. ஈரமான சோலைக்குள்ள அட்டை, மச்சான் சாக்ஸ்ல பதினேழு எண்ணுனான், எண்ணிட்டு என்கிட்ட பெருமையா வேற சொன்னான். ஆனா நான் கவனிச்சது வேற. பாதை சுத்தமா இருந்துச்சு. ஒரு முள்ளு முகத்துல அடிக்கல. குதிரைச் சாணி கெடந்துச்சு, அப்பத்தான் போட்டது. கொஞ்ச நேரத்துல மணிச்சத்தம் கேட்டு ஓரமா ஒதுங்குனோம், மூட்டை ஏத்துன குதிரை நாலு மேல ஏறிப் போச்சு. காப்பி, பலா, எலுமிச்சை எல்லாம் இப்படித்தான் மேல போகுது, அரிசியும் எண்ணெயும் சிலிண்டரும் இப்படித்தான் கீழ வருது.

எனக்கு அங்கதான் உறைச்சுது. ரெண்டுமே ஒரே மலை, ரெண்டுமே கீழருந்து மேல போறதுக்குன்னு போட்ட வழி. ஒண்ணுல மோட்டார் ரோடு வந்ததும் ஆளு நின்னுபோச்சு, உண்ணிச்செடி மூடிருச்சு, இன்னிக்கு அது சட்டப்படி பாதையே இல்ல. இன்னொண்ணுல இன்னும் ஊரு நடக்குது, அதனால அது பாதை, அதனாலயே நாப்பதுல ஒண்ணா லிஸ்டுலயும் வந்துச்சு. மேப்புல பாத்தா ரெண்டும் அதே செவப்புப் புள்ளிக் கோடுதான்.

ஊருக்குள்ள நுழையற எடத்துல செருப்பக் கழட்டணும். வெள்ளகெவில யாரும் செருப்புப் போட மாட்டாங்க, வீட்டுக்கு வீடு கோயில் ஒட்டி ஒட்டி இருக்கும், ஊரே சாமி எடம்னு நெனைக்கறாங்க. ஷூவ கழட்டி கைல தூக்கிட்டு நடந்தோம், கல்லு குத்துச்சு, ஒரு பாட்டி எங்க நடையப் பாத்து வாயப் பொத்திச் சிரிச்சுச்சு.

திண்ணைல ஒக்காந்து கட்டங்காப்பி குடிக்கறப்ப பூட்டன் கதைய இங்கயும் சொன்னேன், இந்த அஞ்சு நாள்ல எத்தன தடவ சொன்னேன்னு கணக்கில்ல. கேட்டுட்டு அந்த வீட்டு அண்ணன் உள்ள போயி ஒரு மூங்கில் கழியும் கம்பளியும் எடுத்துட்டு வந்து காட்டுனாரு. "இதுதான் எங்க ஆம்புலன்சு தம்பி." ஒடம்பு முடியலன்னா, பிரசவம்னா, கம்பளிய கழில கட்டி ஆள அதுல படுக்கப்போட்டு தூக்கிட்டுப் போறது. இதே பஞ்சாயத்துல இருக்கற சின்னூர், பெரியூர்லயும் இதே கததான், மழை பேஞ்சா ஆத்தத் தாண்ட முடியாம நிப்பாங்கன்னாரு. பேப்பர்ல அப்பப்ப படிச்சிருக்கேன், டோலி கட்டித் தூக்கிட்டு வந்தாங்கன்னு படத்தோட. நான் டோலிய நூறு வருஷத்துக்கு முந்துன சமாச்சாரம்னு தேடிட்டு வந்திருக்கேன், அது இங்க கதவுக்குப் பின்னாடி சாத்தி வச்சிருக்கு.

"தோள்ல வச்சுப் பாக்குறீகளா"ன்னாரு. வச்சேன். மச்சான் மறுமுனை. கம்பளில அவரோட சின்னப் பையன் ஏறிப் படுத்துக்கிட்டு சிரிச்சான், ஏழு வயசு இருக்கும். முத்தத்துல இந்த முனைல இருந்து அந்த முனை, முப்பது அடி கூட இருக்காது, எறக்கி வச்சப்ப தோள்ல செவந்து கோடு விழுந்திருந்துச்சு.

இதுல இருந்து கும்பக்கரை வரைக்கும் கீழ இறங்கற வழி இருக்கு, ஊர்க்காரங்க போறாங்க வர்றாங்க, எங்க அனுமதி வெள்ளகெவியோட முடியுது. மறுபடி ஏத்தம். சாயங்காலம் வட்டக்கானல் வந்து சேர்றப்ப என் முட்டி ரெண்டும் எனக்குச் சொந்தமில்ல.

அஞ்சாம் நாள்: மனு

காலைல ஒரு ஜெராக்ஸ் கடைல ஒக்காந்து மனு எழுதுனேன். கூலி காட் முழுசாவும் கேக்கல. தோப்புப் பக்கத்து எல்லைக் கல்லுல இருந்து மேல முதல் ரெண்டு கிலோமீட்டர், ஆறு பேரு, ஒரு நாள், வனக் காவலர் கூட வரணும், அதுக்கான கட்டணம் கட்டத் தயார், செடி வெட்ட மாட்டோம், இருக்கற கல்லு வேலைய அளந்து ஃபோட்டோ எடுத்து அந்த ஆபீஸுக்கே ஒரு காப்பி குடுப்போம். டோப்போஷீட் நகல், அ-பதிவேடு நகல், கல்லடுக்கு ஃபோட்டோ நாலு இணைச்சேன். கூடவே தகவல் உரிமைச் சட்டத்துல தனியா ஒரு மனு, பத்து ரூபா கட்டணத்தோட, வனக்கோட்டத்தோட செயல் திட்டத்துல இந்தப் பாதை எந்த வருஷம் வரைக்கும் குதிரைப் பாதைன்னு இருந்துச்சு, எப்ப எடுத்தாங்கன்னு. அதுக்கு 30 நாள்ல பதில் வரணும். அனுமதி மனுவுக்கு அந்த மாதிரி கெடு எதுவும் இல்ல.

வன ஆபீஸ்ல குடுத்துட்டு ரெண்டாவது காப்பில சீல் வாங்க நிக்கறப்ப அங்க இருந்த அம்மா மனுவ முழுசாப் படிச்சுட்டு, "காரணம்ங்கற எடத்துல 'குடும்பம்'னு மட்டும் போட்டிருக்கீங்க, விளக்கமா எழுதுங்க சார்"னாங்க. அங்கயே ஒக்காந்து அப்பத்தா சொன்னத நாலு வரில எழுதி ஒட்டுனேன். தோள் மேடு உட்பட.

தேதி இப்ப ஜனவரி கடைசி. பதில் சீக்கிரமே வந்தாலும் பிப்ரவரி 15-க்குள்ள நடக்காது, அப்பறம் ஏப்ரல் 15 தாண்டித்தான். மச்சான் ஏப்ரல் கடைசி வாரத்துக்கு லீவு கேட்டு பஸ்ல வர்றப்பவே மெயில் அனுப்பிட்டான்.